அமுக்குவானும் மாமாவின் குறட்டையும்

கேள்வி:

டாக்டர் ஐயாவுக்கு வணக்கம். எனக்கு 31 வயது. மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் குவைத்தில் வேலை பார்க்கிறார். நான், ஏழு வயது மகள், மாமா, அத்தை நாலு பேரும் இங்கே இருக்கிறோம். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். இப்போது முகூர்த்த நேரம் என்பதால் ராத்திரி மிஷினை விட்டு எழுந்திருக்க முடிவதில்லை. பன்னிரண்டரைக்கு அவர் டியூட்டி முடிந்து போன் பண்ணுவார். பேசிவிட்டுப் படுக்க ஒரு மணி ஆகும். நாலு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும். பிடித்து வைத்துவிட்டு மறுபடி ஒரு மணி நேரம் படுப்பேன்.

ஒரு மாதமாக அந்த நேரத்தில்தான் அது வருகிறது. விழிப்பு வந்துவிடும். மேலே ஓடு தெரியும், பக்கத்தில் மகள் தெரிவாள். ஆனால் விரலைக்கூட அசைக்க முடியாது. கத்தினால் சத்தம் வராது. நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்து அழுத்துவது போல இருக்கும். இரண்டு முறை நிலைப்படியில் ஒரு கறுப்பு உருவம் நின்றது. அத்தை இதை அமுக்குவான் என்கிறார். தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்திருக்கிறார். வரும் அமாவாசைக்கு ஒருவரை வரவழைத்துக் கட்டு கட்டப் பதினைந்தாயிரம் பேசியிருக்கிறார்கள்.

அத்தைக்கும் ராத்திரியானால் கால் குடைச்சல், தூக்கம் கிடையாது. மாமாவைக் கேட்கவே வேண்டாம். குறட்டை தெருமுனை வரைக்கும் கேட்கும். நடுவில் நின்றுபோய், மூச்சுத் திணறி எழுந்து உட்காருவார். பிபிக்கு மாத்திரை சாப்பிட்டும் இறங்கவில்லை. பகலெல்லாம் தூங்கி வழிவார். போன மாதம் நெல் கொள்முதல் நிலையத்திலிருந்து வரும்போது வண்டியிலேயே கண்ணசந்து வாய்க்காலில் இறங்கிவிட்டார். ஊரே சிரித்தது. என் பிரச்சினைக்கு வழி சொல்லுங்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

பதில்:

அம்மா, உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. இதனால் பிடிக்கப்போவதும் இல்லை. முதலில் அந்தக் கவலையை இறக்கி வையுங்கள். உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை உங்களுக்காக, இரண்டாவது தடவை உங்கள் மாமாவுக்காக. அவரிடம் பிறகு வருகிறேன்.

உங்களுக்கு வருவதற்கு மருத்துவத்தில் தூக்க முடக்கம் என்று பெயர். சிலர் தூக்கப் பக்கவாதம் என்றும் எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடிக்காது, படிப்பவர் பாதி உயிரை விட்டுவிடுவார். பக்கவாதத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது சில நொடிகளிலோ, மிஞ்சிப்போனால் சில நிமிடங்களிலோ தானாக விலகிவிடும். விலகியபின் கை கால் பழையபடி இருக்கும். எழுந்த பிறகும் ஒரு பக்கம் கை கால் வரவில்லை, வாய் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது என்றால் அதுதான் பக்கவாதம். அப்போது திருநீறும் வேண்டாம், கஷாயமும் வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும்.

சரி, என்னதான் நடக்கிறது? நாம் தூங்கும்போது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கனவுத் தூக்கம் வரும். மூடிய இமைக்குள் கண்கள் அங்குமிங்கும் ஓடுகிற தூக்கம் இது. 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கி, கிளைட்மேன் என்ற இருவர் இதைப் பதிவு செய்து வெளியிட்டார்கள். இந்தத் தூக்கத்தில் மூளை ஏறக்குறைய விழித்திருக்கும்போது போலவே வேலை செய்யும். கனவில் ஓடுகிறோம், வரப்பில் தாவுகிறோம், யாரையோ அடிக்கிறோம். அதையெல்லாம் உடம்பும் சேர்ந்து செய்தால் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் கதி என்ன? அதனால் கனவு தொடங்கியதும் மூளைத்தண்டில் இருக்கும் ஒரு மதகு இறங்கிவிடுகிறது. கை, கால், கழுத்து, விலா என்று எல்லாத் தசைகளுக்கும் போகிற வாய்க்கால் அடைபடுகிறது. கண்ணுக்குப் போவதும், மூச்சுவிட வைக்கிற உதரவிதானத்துக்குப் போவதும் மட்டும் திறந்திருக்கும்.

கனவு முடியும்போது மதகு ஏற வேண்டும், நாம் விழிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதுதான் வழக்கம். உங்களுக்கு விழிப்பு முந்திக்கொண்டது. தண்ணீர் வந்து நிற்கிறது, மதகைத் தூக்குகிற பாசன ஊழியரான லஸ்கர் இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவுதான்.

நெஞ்சில் உட்கார்ந்திருந்தது யார் என்று கேட்பீர்கள். விலாத் தசைகள் ஓய்வில் இருப்பதால் மூச்சு உதரவிதானத்தால் மட்டும், மேலாக ஓடிக்கொண்டிருக்கும். உயிருக்கு அது போதும். ஆனால் பயந்துபோய் ஆழமாக இழுக்கப் பார்க்கிறீர்கள், நெஞ்சு விரிய மறுக்கிறது. பாரம் ஏறியதாக மனம் கணக்குப் போடுகிறது. நிலைப்படியில் நின்றது கனவின் மிச்சம். கண் திறந்தும் கனவு முழுதாகக் கலையாததால், அதில் வர வேண்டிய உருவம் உங்கள் வீட்டு நிலைப்படியில் வந்து நிற்கிறது. அந்த நேரத்தில் மூளையில் பயத்தைக் கவனிக்கிற பகுதி உச்சத்தில் இருப்பதால், வருகிற உருவம் பெரும்பாலும் பயமுறுத்துகிற உருவமாகத்தான் இருக்கும்.

இது உங்களுக்கு மட்டும் வருவதில்லை. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் பொதுமக்களில் 100-க்கு ஏழெட்டுப் பேர், மாணவர்களில் 28 பேர். ஹென்றி ஃபூசிலி என்ற ஓவியர் 1781-இல் லண்டனில் வரைந்த ஓர் ஓவியத்தில், மல்லாந்து கிடக்கும் ஒரு பெண்ணின் நெஞ்சின் மேல் குட்டிப் பிசாசு ஒன்று குந்தியிருக்கும். அத்தையிடம் காட்டினால் ‘இவனேதான்’ என்பார். சீனாவில் இதைப் பேய் அழுத்துவதாகச் சொல்கிறார்கள். ஜப்பானில் கனாஷிபாரி என்பார்கள், உலோகத்தால் கட்டிப்போட்டது போல என்று அர்த்தம். அங்கே உலோகம் கட்டிப்போடுகிறது, இங்கே பாக்குவெட்டி விரட்டுகிறது. ஒரே அனுபவம், ஊருக்கு ஒரு கதை.

எனக்கும் வந்திருக்கிறது. பயிற்சி மருத்துவனாக இருந்தபோது தொடர்ந்து இரண்டு இரவு டியூட்டி பார்த்துவிட்டு, ஓய்வறையில் மல்லாந்து விழுந்தேன். கண் திறந்தால் கால்மாட்டில் செத்துப்போன பாட்டி நின்றுகொண்டிருக்கிறார், முகத்தில் சிரிப்பே இல்லை. இந்தப் பாடத்தைப் படித்து மார்க் வாங்கியவன் நான். அசைவு வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து ஓடி, வார்டில் லைட் எரிகிற இடமாகப் பார்த்து விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். அதனால் நீங்கள் பயந்ததைப் பார்த்துச் சிரிக்கிற உரிமை எனக்கு இல்லை.

உங்களுக்கு ஏன் இப்போது வருகிறது என்பதற்கு உங்கள் கடிதமே பதில் சொல்கிறது. ஒரு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால் மூன்று மணி நேரம். கனவுத் தூக்கம் இரவின் பிற்பகுதியில்தான் நீளமாக வரும். அது வருகிற நேரத்தில் நீங்கள் குடத்தோடு குழாயடியில் நிற்கிறீர்கள். திரும்பி வந்து படுத்ததும், பாக்கி வைத்த கனவுத் தூக்கம் முறைப்படி வரிசையில் நிற்காமல் நேராக உள்ளே புகுந்துவிடுகிறது. விழிப்புக்கும் கனவுக்கும் நடுவில் இடைவெளியே இல்லாததால் இரண்டும் உரசிக்கொள்கின்றன. தூக்கத்தை நடுவில் கலைத்து, மறுபடி தூங்கவிட்டு, ஆய்வுக்கூடத்தில் இதை வேண்டுமென்றே வரவழைத்தும் பார்த்திருக்கிறார்கள். நீங்கள் அதை வீட்டிலேயே தினமும் செய்துகொண்டிருக்கிறீர்கள். மேலும் இந்த அறுவடைக் காலத்தில் மாமா சில ராத்திரி நெல்லுக்குக் காவலாகக் கொள்முதல் நிலையத்திலேயே படுத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன். ஆண் துணை இல்லாத வீடு என்கிற பயமும் உள்ளே இருக்கும். மனக்கலக்கம் இதைக் கூட்டும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரை கடந்து போன பிறகு, காற்றுச் சத்தம் கேட்டாலே தூக்கம் போய்விடுகிறது என்று வந்தவர்கள் பலர். அவர்களில் சிலருக்கு இந்த அமுக்கலும் இருந்தது.

மறுபடி வந்தால் என்ன செய்வது? முரண்டு பிடிக்காதீர்கள். மொத்த உடம்பையும் தூக்கப் பார்த்தால் தோற்பீர்கள், பயம் ஏறும். கண்ணை மூடிக்கொண்டு, வெளியே விடுகிற மூச்சை மட்டும் கவனியுங்கள், அது தானாகப் போய் வருவது தெரியும். கால் கட்டைவிரல், நாக்கு நுனி என்று ஏதாவது ஒரு சின்ன இடத்தை மட்டும் அசைக்கப் பாருங்கள். பெரும்பாலும் அந்த ஒரு அசைவிலேயே மற்றதெல்லாம் அவிழ்ந்துவிடும். யாராவது தொட்டாலும் அவிழும். அந்த நேரத்தில் உங்களுக்கு ‘ம்ம்’ என்ற முனகல் மட்டும் வரக்கூடும். மகளிடம் பேய் பிசாசு என்று எதுவும் சொல்லாமல், ‘அம்மா முனகினால் கையைத் தொட்டு எழுப்பு’ என்று விளையாட்டுப் போலச் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அத்தையைப் பக்கத்தில் படுக்கச் சொல்லுங்கள்.

வராமல் இருக்க மருந்து இதுதான்: பதினோரு மணிக்கு மிஷினை மூடுங்கள். நாலு மணித் தண்ணீரை ஒரு மாதத்துக்கு அத்தை பிடிக்கட்டும், எப்படியும் விழித்துத்தான் கிடக்கிறார். நீங்கள் ஆறு மணிக்கு எழுந்தால் ஏழு மணி நேரம் கிடைக்கும். ஜாக்கெட் ஒரு வாரம் தள்ளிப்போனால் கல்யாணம் நிற்காது. (கல்யாண வீட்டார் அடிக்க வந்தால் என் பெயரைச் சொல்லுங்கள்.) சாயங்காலத்துக்குப் பிறகு காபி வேண்டாம். குடித்த காபியின் வீரியத்தில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் ரத்தத்தில் இருக்கும். கும்பகோணம் டிகிரி காபியானாலும் இதே கணக்குதான். அப்புறம், மல்லாந்து படுக்காதீர்கள். அமுக்கல் அதிகம் வருவது மல்லாந்த நிலையில்தான். இடப்பக்கம் ஒருக்களித்துப் படு என்று பெரியவர்கள் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் புரண்டு மல்லாந்துவிடுகிறீர்கள் என்றால், நைட்டியின் முதுகில் ஒரு பை தைத்து அதில் டென்னிஸ் பந்தைப் போட்டுக்கொள்ளுங்கள். புரண்டால் குத்தும், திரும்பிவிடுவீர்கள். தையல்காரியான உங்களுக்கு இது பத்து நிமிட வேலை. இன்னும் ஒன்று தைக்கத் தயாராக இருங்கள், மாமாவுக்கு.

இதற்கெல்லாம் மாத்திரை தேவைப்படுவது அபூர்வம். இவ்வளவு செய்தும் வாரம் தவறாமல் வந்தாலோ, படுக்கப் போகவே பயமாக இருந்தாலோ நேரில் வாருங்கள். பகலில் பேசிக்கொண்டிருக்கும்போதே தூக்கம் வந்து தள்ளுகிறதா, வாய்விட்டுச் சிரிக்கும்போது முழங்கால் துவண்டு போகிறதா என்று கவனியுங்கள். அப்படி இருந்தால் அது நார்கோலெப்ஸி என்ற வேறு நோயாக இருக்கலாம், அதற்குத் தனி வைத்தியம் உண்டு. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கட்டு கட்டுகிற விஷயம். அத்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. உங்களைக் காப்பாற்ற அவருக்குத் தெரிந்த வழி அது. திருநீறு பூசிக்கொள்ளுங்கள், விளக்கேற்றுங்கள், மனம் தெளிந்தால் தூக்கமும் தெளியும். நம் பக்கத்தில் திருவிடைமருதூரிலேயே பிரம்மஹத்தியைக் கோயில் வாசலில் நிறுத்திவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வருகிறார்களே, அதற்குக் காசு கேட்கிறார்களா? பதினைந்தாயிரம் கேட்டு, பட்டினி போட்டு, வேப்பிலையால் அடித்து, ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் உட்காரவைக்கிற ஆளை மட்டும் வாசல் ஏற்றாதீர்கள். தூங்காததால் வந்ததற்கு இன்னும் ஓர் இரவு தூங்காமல் இருப்பதா வைத்தியம்?

பாக்குவெட்டி இருந்துவிட்டுப் போகட்டும், கூர்முனை மகள் பக்கம் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் அந்த இரும்பு உங்கள் தலையணைக்கு அடியில் இருப்பதைவிட அத்தையின் ரத்தத்தில் இருப்பது நல்லது. ராத்திரி படுத்தபிறகு காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல் குடைச்சல், எழுந்து நடந்தால் சரியாகிவிடுகிறது என்றால், அது அமைதியிழந்த கால்கள் என்ற கோளாறு. உடம்பில் இரும்புச்சத்து குறைவது அதற்கு முக்கியமான காரணம். ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் தெரியாது, ஃபெரிட்டின் என்று கேட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது 75-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை இல்லாதவருக்கும் இரும்பு மாத்திரை கொடுத்துப் பார்ப்போம். சாப்பிட்டதும் டீ குடிக்கிற பழக்கத்தை விடச் சொல்லுங்கள், அது இரும்பை உடம்பில் சேரவிடாது. அரிப்புக்கும் சளிக்கும் கடையில் வாங்குகிற சில மாத்திரைகள் குடைச்சலைக் கூட்டும், அதையும் கவனியுங்கள்.

இனி மாமா. உங்கள் கடிதத்தில் பேய் ஒரு பக்கத்தை எடுத்துக்கொண்டது, மாமா நாலு வரியில் முடிந்துவிட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது அந்த நாலு வரிதான். உங்கள் வீட்டில் ராத்திரியில் உயிருக்கு ஆபத்தாக ஏதாவது நடக்கிறது என்றால், அது நிலைப்படியில் இல்லை, மாமாவின் தொண்டையில் நடக்கிறது.

குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளம் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை. மாமாவுக்கு இருப்பது மூச்சடைப்புத் தூக்கக் கோளாறு என்று சந்தேகப்படுகிறேன். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, கரை சரிந்த மண் வாய்க்கால் மாதிரி மூச்சுவழி மூடிக்கொள்கிறது. நெஞ்சு இழுத்துப் பார்க்கிறது, காற்று போவதில்லை. குறட்டை நின்றுபோகிற அந்த அமைதிதான் அபாயம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை பதறிப்போய் அவரை உலுக்குகிறது. ஒரு திணறலோடு மூச்சு வருகிறது, மறுபடி குறட்டை. பத்து நொடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால் அது ஒரு கணக்கு. மூச்சு இப்படி அடைபடுவதும் வெகுவாகக் குறைவதும் சேர்ந்து மணிக்கு 5 தடவை வந்தாலே நோய், 30-ஐத் தாண்டினால் கடுமை. ராத்திரி முழுக்க இப்படி எழுப்பப்படுகிறவர் பகலில் தூங்கி வழியாமல் என்ன செய்வார்? எவ்வளவு மாத்திரை போட்டும் பிபி இறங்காததற்கும் இது காரணமாக இருக்கலாம். ராத்திரியில் அடிக்கடி சிறுநீருக்கு எழுவது, காலையில் தலைவலி, வாய் உலர்ந்து போவது இவையும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். கவனிக்காமல் விட்டால் மாரடைப்பும் பக்கவாதமும் வருகிற வாய்ப்புக் கூடும்.

வாய்க்காலில் இறங்கியதற்கு ஊர் சிரித்தது. அது வாய்க்காலாக இருந்ததால் சிரிக்க முடிந்தது. மன்னார்குடி சாலையில் எதிரே நெல் மூட்டை லாரி வந்திருந்தால்? பரிசோதனை முடியும்வரை வண்டிச் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள். சண்டை வரும், வரட்டும். கொள்முதல் நிலையத்துக்கு யாராவது பின்னால் ஏற்றிக்கொண்டு போகட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு. உங்கள் இஞ்ச் டேப்பை எடுத்து மாமாவின் கழுத்தைச் சுற்றி அளந்து பாருங்கள். சட்டைக்கு அளவெடுக்கிறேன் என்று சொன்னால் மறுக்க மாட்டார். 17 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் என் சந்தேகம் பலப்படும், குறைந்தாலும் விடமாட்டேன். இரண்டாவது, அவர் தூங்கும்போது போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். வாய், நெஞ்சு, வயிறு மூன்றும் தெரிய வேண்டும். ‘நானா குறட்டை விடுகிறேன்?’ என்பவரை மருத்துவமனைக்கு அழைத்துவர இதைவிட நல்ல வழி நான் பார்த்ததில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகப் பிரிவிலோ, காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ காட்டுங்கள். தூக்கப் பரிசோதனை எங்கே, எப்போது என்று அவர்கள் சொல்வார்கள். ஓர் இரவு, உடம்பில் ஒயர்களை ஒட்டி, தூங்கவிட்டுப் பார்ப்பார்கள். வலி கிடையாது.

நோய் உறுதியானால் சீபாப் என்ற கருவி வைக்கச் சொல்லலாம். மூக்கில் முகமூடி போல மாட்டிக்கொள்வது. காற்றை அழுத்தமாக அனுப்பி மூச்சுவழி மூடாமல் பிடித்துக்கொள்ளும். 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் இதை முதலில் செய்து காட்டியபோது வேக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துத்தான் செய்தார். இன்றைக்குக் கருவி சின்னதாக, சத்தமில்லாமல் வருகிறது. விலைதான் சில பத்தாயிரங்கள் ஆகும். முதல் வாரம் எல்லோரும் திட்டுவார்கள். ஒரு மாதம் விடாமல் போட்டவர்களில், பகலில் இப்படி விழித்திருந்து எத்தனை வருஷமாயிற்று என்று சொன்னவர்கள் உண்டு. அதுவரைக்கும் மாமாவும் ஒருக்களித்துப் படுக்கட்டும், பனியனுக்குப் பின்னால் பந்து தைத்துக் கொடுங்கள். உடம்பு பருமனாக இருந்தால் எடை குறைவது உதவும். காவலுக்குப் போகிற இடத்தில் குளிருக்கு என்று ஊற்றிக்கொள்கிற பழக்கம் இருந்தால் அது கூடவே கூடாது, மது தொண்டையை இன்னும் தளர்த்தும். தூக்கம் வரவில்லை என்று கடையில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அதுவும் அதே வேலையைத்தான் செய்யும்.

பேசி வைத்த பதினைந்தாயிரத்தை அத்தையிடமிருந்து வாங்கி இதற்கு எடுத்து வையுங்கள்.

கடைசியாக, குவைத்துக்குச் சொல்வது. சொல்லிவிடுங்கள். ஆனால் ராத்திரி பன்னிரண்டரைக்கு வேண்டாம். இரவு பத்து மணிக்கு டியூட்டி முடிகிறவருக்குப் பகலில் நேரம் இருக்கும். அங்கே பதினோரு மணி என்றால் இங்கே மதியம் ஒன்றரை, சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பீர்கள். இனிமேல் அந்த நேரத்துக்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.